சூசையப்பர் நிற்கும் வீடு

சிசிலியில் இருக்கிற எங்கள் ஊரில் படம் என்றால் அந்த ஒரு படம்தான். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் சில வாரம் இங்கே தங்கி எடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போய்விட்டார்கள், படம் போகவில்லை. பெட்டிக்கடையில் படத்தில் வரும் ரவுடித் தலைவர் டானின் முகம் போட்ட லைட்டர், ரொட்டிக்கடையில் டான் பிஸ்கட், கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில்கூட டான் முகம் போட்ட அம்புக்குறி. என் சலூனில் கண்ணாடிக்கு மேலே டான் பெரிதாக இருக்கிறார். அவருக்குக் கீழே சின்னதாக மாதா. மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மற்றவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வெளியூர்க்காரன் ஒருவன் முகம் நிறைய நுரையோடு என் நாற்காலியில் சாய்ந்தால் போதும், கத்தியைத் தோல்வாரில் இழுத்துக்கொண்டே ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, டான் குரலில் சொல்லுவேன்: "சாப்பிட்டியா? முதல்ல சாப்பிடு. பேசினா பசி போயிடும்." அவன் நுரைக்குள்ளிருந்து சிரிப்பான். அவன் பெண்டாட்டி செல்போனில் பிடிப்பாள். சிசிலிக்காரன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று ஊருக்குப் போய்ச் சொல்லுவார்கள். எனக்கும் அது பிடிக்கும், ஏன் மறைக்க வேண்டும்?

படத்தில் டான் அந்த வார்த்தையைச் சொல்வது போலீசிடம் வாயைத் திறந்த ஒருவனிடம். தன் கையாலேயே அவனுக்குத் தட்டில் பரிமாறுவார். மறுநாள் அவனைக் கோயில் படியில் வைத்துச் சுடுவார்கள். சதுக்கத்தில் இருக்கிற ஜனம் மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டான் மட்டும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு முள்கூடக் குத்தாமல் சப்பாத்திக்கள்ளிப் பழம் உரித்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் எந்த ஊர்த் தியேட்டரிலும் கைதட்டல் விழும். சுட்டவன் மேல் வராத வெறுப்பு, வாயைத் திறந்தவன் மேல் வருகிற மாதிரி எடுத்துத் தொலைத்திருக்கிறார்கள் படுபாவிகள். நானும் தட்டுவேன். எத்தனை தடவை பார்த்தாலும் கை தானாகச் சேரும்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் எங்களுக்கு உண்டு. படத்தில் கூட்டமாக வருகிறவர்கள் எங்கள் ஆட்கள். செத்துப்போன தையல்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு போவார். என் அம்மா கறுப்புச் சால்வையோடு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போவாள், காலை லேசாகச் சாய்த்து. அம்மா எப்படி நடந்தாள் என்பது மறக்கிற மாதிரி இருக்கும்போதெல்லாம் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்வேன். அந்தப் படத்தை எப்படி வெறுப்பது, சொல்லுங்கள்.

வெறுக்க வேண்டிய கடமை எனக்கு மட்டும் இருந்தது. ஏனென்றால் என் அக்கா புருஷன், மெல்கியோரே அத்தான், வாயைத் திறந்தவர்.

அத்தான் ஊர் பஸ் ஓட்டியவர். ஒருநாள் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர், நிறுத்தத்திலேயே ஒரு நில அளவையாளரைச் சுட்டுவிட்டு நடந்து போனார்கள். பஸ் நிறைய ஆள். யாரும் எதையும் பார்க்கவில்லை. ஒருத்தர் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாராம், ஒருத்தி ஜெபமாலை எண்ணிக்கொண்டிருந்தாளாம். நீதிமன்றத்தில் அத்தானை "பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, "பார்த்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வருடம், மேட்டுத் தெருவில், தன் வீட்டு வாசல்படியிலேயே விழுந்து கிடந்தார். தெருவில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது.

அன்றைக்கு நான் ஊரில் இல்லை. பலெர்மோவுக்குப் போயிருந்தேன். அதனால் ஜன்னலைச் சாத்தினாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை. இருந்திருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பேன் என்றே இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதாதவன் தான் முதல் மார்க் என்று நினைத்துக்கொள்வது சுலபம்.

இனி எங்கள் ஊர்ப் புனிதர் சூசையப்பர் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் அவர் திருவிழா. அவர் சிலை இருக்கும் சப்பரத்தை ஊர் ஆண்கள் தோளில் தூக்கி மேட்டுத் தெரு வழியாகக் கோயிலுக்கு ஏற்றுவோம். சப்பரத்தின் முன்னால் ஓர் இரும்பு மணி, பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தியல். ஒரு அடி என்றால் நிற்க வேண்டும். இரண்டு என்றால் தூக்க வேண்டும். மூன்று என்றால் முன்வரிசை ஆட்கள் முழங்காலை மடக்க, சூசையப்பர் குனிந்து வணங்குவார். தூக்குகிறவர்களுக்கு எதிரே எதுவும் தெரியாது, அடுத்தவன் பிடரிதான் தெரியும். மணி சொன்னபடி கால் கேட்கும். அப்பாவுக்குப் பிறகு அந்தச் சுத்தியல் என் கையில்.

மேட்டில் ஒரே ஒரு தடவைதான் சப்பரத்தை இறக்கி ஏற்ற முடியும். மறுபடி தூக்கினால் ஒரே மூச்சில் கோயில் வாசல் வரை போயாக வேண்டும், இல்லாவிட்டால் தோள் கழன்றுவிடும். அந்த ஒரு நிறுத்தம் எங்கள் ஊரில் டான் வீட்டுக்கு முன்னால்.

உண்மையில் அது நோட்டரி ஒருவரின் வீடு. படத்தில் டானின் வீடாகக் காட்டினார்கள். அமெரிக்க டைரக்டருக்கு, சூசையப்பர் டானின் பால்கனிக்குக் கீழே நின்று குனிந்து வணங்குகிற மாதிரி ஒரு காட்சி வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களையே வைத்து நாள் கணக்கில் ஒத்திகை பார்த்து எடுத்தார். மறு வருடம் நிஜத் திருவிழாவில் சப்பரம் அந்த வீட்டுக்கு முன்னால் வந்தபோது, தூக்கினவர்களின் கால் பழக்கத்தில் தானாக நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் விளையாட்டாக மூன்று அடி அடித்தார். அதற்கு அடுத்த வருடம் சிரிப்பு குறைந்தது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. இப்போது கேட்டால், பாட்டன் காலத்திலிருந்தே சூசையப்பர் அங்கேதான் நிற்கிறார் என்று வேதப் புத்தகத்தில் கை வைக்காத குறையாகச் சொல்லுவார்கள். புதிதாக வந்த சாமியார் அதை முந்நூறு வருட மரபு என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்.

ரவுடிகள் வீட்டுக்கு முன்னால் சப்பரம் நிற்கக் கூடாது என்று ஆயர் சுற்றறிக்கை அனுப்பினார். திருவிழாக் கமிட்டித் தலைவர் பாந்தலேயோ, மருந்துக்கடைக்காரர், பதில் எழுதினார்: அந்த வீட்டில் எந்த ரவுடியும் இருந்ததில்லை, ஒரு நடிகர்தான் கொஞ்ச நாள் இருந்தார். ஆயரால் என்ன சொல்ல முடியும்?

அக்கா நுன்சியாத்தாவின் வீடு அதே தெருவில், டான் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே. இத்தனை வருடமும் சூசையப்பர் அவள் வாசலைத் தாண்டிப் போய்த்தான் டானுக்குக் குனிந்தார். அவள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. படத்தையும் பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவள் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

இந்த வருடம் திருவிழாவுக்கு முந்தின வாரம் சலூனுக்கு வந்தாள். மகள் அவளை வடக்கே டூரினுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், மூட்டு வலியோடு தனியாக இந்த மேட்டில் இருக்க வேண்டாம் என்று. வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. கடையில் ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் டானை ஒரு பார்வை பார்த்தாள்.

"இவரு முன்னால உக்காந்துதான் பேசணுமா?"

"துணி போட்டு மூடட்டுமாக்கா?"

"வேணாம். கேக்கட்டும். டேய் லிபோ, ஒண்ணு கேப்பேன், செய்வியா?"

"கேளு."

"சூசையப்பரை ஒரு தடவை என் வாசல்ல நிறுத்து. நான் ஊரை விட்டுப் போற இந்த வருஷம் மட்டும். உங்க அத்தான் விழுந்த படிக்கு முன்னால. ரொட்டி நானே சுட்டு வைக்கிறேன்."

அங்கே நிறுத்தினால் டான் வீட்டில் நிறுத்த முடியாது. அதுவும் இந்த வருடம். படத்துக்கு ஐம்பது வருடம் என்று கமிட்டி பெரிய ஏற்பாடு செய்திருந்தது. பலெர்மோவிலிருந்து ஒரு நடிகரைப் பிடித்து, வெள்ளை சூட் போட்டு டான் மாதிரியே பால்கனியில் நிறுத்தப் போகிறார்கள். பாண்டு வாத்தியத்தில் படத்தின் பாட்டு. மாலையில் சதுக்கத்தில் திரை கட்டிப் படம்.

"பாந்தலேயோ குதிப்பாரு," என்றேன்.

"குதிக்கட்டும். அவரு கடையிலதான் மூட்டுக்கு மாத்திரை இருக்கு." பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள். "உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடு தம்பி. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"செய்றேன்க்கா. சத்தியமா."

மனதாரத்தான் சொன்னேன். அன்றைக்கே சப்பரம் தூக்குகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முன்வரிசையில் நசரேனோ, கொத்தனார், மாடு மாதிரி தோள். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதைக் கேக்க இவ்ளோ நாளாச்சாண்ணே? எங்கப்பா சாகற வரைக்கும் அந்த வாசலைத் தாண்டறப்போ தலையைக் குனிஞ்சுக்குவாரு. நீங்க மணி அடிங்க. நாங்க நிப்போம். பாந்தலேயோ வந்து தூக்கட்டும், பாப்போம்."

ஆகவே யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எதையாவது சாக்காகச் சொல்லிவிடக் கூடாது.

திருவிழா அன்று வெயில் நன்றாக இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஜனம். பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். சிலர் டான் தொப்பி போட்டிருந்தார்கள். சப்பரம் மேட்டில் ஏறத் தொடங்கியது. நான் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, கையில் சுத்தியலோடு, பிள்ளைகளின் காலைப் பார்த்தபடி போனேன். அக்கா வாசல் தெரிந்தது. கறுப்பு உடுப்பில் நின்றாள். படியில் வெள்ளைத் துணி விரித்து, சூசையப்பர் கைத்தடி மாதிரி வளைத்துச் சுட்ட நீள ரொட்டியை அதன்மேல் வைத்திருந்தாள். முட்டை பூசிச் சுட்டது, பளபளவென்று இருந்தது. எப்போது சுட்டாளோ, அந்த மூட்டு வலியை வைத்துக்கொண்டு.

சுத்தியலைத் தூக்கினேன். நசரேனோ நடையைக் குறைத்தான். பின்னால் எல்லாக் காலும் குறைந்தது.

"இங்கதானேண்ணே? அடிங்க," என்றான் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து பாண்டுக்காரர்கள் படத்தின் பாட்டை எடுத்தார்கள். முதலில் கிளாரினெட் தனியாகப் போகும், பிறகு எல்லா வாத்தியமும் சேரும். உங்களுக்குத் தெரியும் அது. தெரியாதவர் யார்? நான் திரும்பி மேலே பார்த்தேன். வெயிலில் டான் வீட்டுப் பால்கனியில் வெள்ளை சூட் வந்து நின்றது. கையில் மதுக் கோப்பை. ஒரு புருவம் தூக்கியிருந்தது. நடிகன்தான், பலெர்மோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், காலையில் நான்தான் அவனுக்கு மீசை திருத்திவிட்டேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. ஐம்பது வருடத்துப் படம் அப்படியே என் தெருவில் நடக்கிறது, அதில் மணி அடிக்கிறவன் நான். அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு அக்கா இல்லை, அத்தான் இல்லை, சத்தியம் இல்லை.

கால்கள் தாண்டிவிட்டன.

"அண்ணே!" என்றான் நசரேனோ.

மேட்டில் சப்பரத்தைப் பின்னால் கொண்டுபோக முடியாது. டான் வீட்டுக்கு முன்னால் ஒரு அடி அடித்தேன். நின்றது. மூன்று அடித்தேன். சூசையப்பர் குழந்தை இயேசுவைக் கையில் வைத்துக்கொண்டு, பலெர்மோ இன்ஷூரன்ஸ்காரனுக்குக் குனிந்து வணங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. பாந்தலேயோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நசரேனோ பாரத்துக்குக் கீழிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவன் காறித் துப்பியிருந்தால்கூட எனக்குத் தேவலை. நான் கண்ணைத் தூக்கி அக்கா வாசலைப் பார்க்கவில்லை. கோயில் வரை பார்க்கவில்லை.

சப்பரத்தைக் கோயிலில் சேர்த்த பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. ரொட்டி மேசைமேல் முழுசாக இருந்தது. அக்கா பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன்.

"உக்காரு. வேர்த்துக் கொட்டுது பாரு."

"நான் ஒரு நாய்க்கா."

"நாய்ன்னா வாசல்ல நின்னிருக்கும்," என்றாள். சொன்னபிறகு அவளுக்கே கஷ்டமாகப் போயிருக்க வேண்டும். ரொட்டியை எடுத்து வளைவில் உடைத்து என் கையில் ஒரு துண்டு வைத்தாள். "எவனாவது ஏதாவது சொன்னானா? பயமுறுத்தினாங்களா?"

"இல்லக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல. அந்தப் பாட்டு… அவன் வேற பால்கனில… நான் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பயறிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும்," என்றாள்.

"நீ படம் பாத்திருக்கியா?"

"பாக்காமயா? கேசட் இருந்துச்சு. மக இப்பதான் டிவியோட சேத்துப் பெட்டில போட்டா. வேற எதுல இருக்காரு உங்க அத்தான்? கல்யாண போட்டோல அசையவா செய்றாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் எடுத்தபோது அத்தானுக்குப் பத்தொன்பது வயது. அவரும் கூட்டத்தில் நின்றவர்தான்.

"சப்பரம் தூக்கறப்போ இருப்பாரு," என்றேன், எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள. "மூணாவது ஆளு. அந்த டான் வீட்டு முன்னாடி குனிவாரு."

"குனியச் சொன்னாங்க, குனிஞ்சாரு. அது இல்ல. கோயில் படில அந்த ஆளைச் சுடுவாங்கல்ல, அப்போ பாத்திருக்கியா அவரை?"

"அதுல அத்தான் இருக்காரா?"

"இடது ஓரத்துல, தண்ணித் தொட்டிகிட்ட. எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கணும்னு அந்த அமெரிக்காக்காரன் மைக்ல கத்தினானாம். நம்ம ஊருக்கு அதுக்கு ஒத்திகை வேற! மொத்தச் சனமும் திரும்பும். நம்ம அம்மாவும் திரும்புவா. இவரு ஒருத்தர் மட்டும் திரும்ப மாட்டாரு. நேரா பாத்துக்கிட்டு நிப்பாரு. ஏன்யா திரும்பலன்னு கேட்டா, 'மறந்துட்டேன், சுடறாங்களேன்னு பாத்துட்டேன்'னு சொல்லிச் சிரிப்பாரு." அவள் கை பயறில் அப்படியே நின்றிருந்தது. "இத்தனை தடவை பாத்திருக்கியே லிபோ, நீ பாத்ததே இல்லையா?"

இல்லை. நூறு தடவைக்கு மேல் பார்த்தவன், வசனத்தை எல்லாம் தலைகீழாகச் சொல்லுகிறவன், அத்தானை அங்கே பார்த்ததே இல்லை. அம்மாவையாவது தேடிப் பார்த்தேன். அந்தக் காட்சி வந்தால் நான் டானின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கத்தி, பழம், முள் குத்தாத அந்த விரல்கள்.

"சாயந்திரம் சதுக்கத்துல போடறாங்களே," என்றாள் அக்கா. "பெரிய திரை. நானும் வரேன். கேசட்ல அவரு கட்டை விரல் அளவுதான் தெரிவாரு. ரெண்டு பேரும் சேந்து பாப்போம். வாசல்ல நிக்காததுக்கு எனக்கு அது போதும்."

அவள் மன்னித்துவிட்டாளா, மன்னிப்பைச் சம்பாதிக்க ஒரு வேலை கொடுத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. ரொட்டியை விழுங்க முடியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாலையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தாள். ஊரே எழுந்து வழிவிட்டது. நுன்சியாத்தா படம் பார்க்க வருகிறாள் என்றால் சும்மாவா? பாந்தலேயோ ஓடிவந்து முன்வரிசையில் நாற்காலி போட்டார். அக்கா நடுவில் வேண்டாம் என்று இடது ஓரமாகக் கேட்டு உட்கார்ந்தாள். அந்த இடத்திலிருந்து கோயில் படி நிஜமாகவே தெரிந்தது. அதன் குறுக்கே கட்டிய திரையில் பழைய கோயில் படி.

படம் ஓடியது. அம்மா காலைச் சாய்த்து நடந்து போனாள். தையல்காரர் பல்லைக் காட்டினார். சப்பரம் குனிந்தபோது அக்கா என் முழங்கையில் தட்டி, "அந்தா, மூணாவது," என்றாள். பார்த்தேன். மீசை சரியாக முளைக்காத அத்தான், தோளில் பாரத்தோடு.

பிறகு டான் பரிமாறினார். "சாப்பிட்டியா? முதல்ல சாப்பிடு," என்று திரை சொன்னபோது சதுக்கமே சேர்ந்து சொன்னது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கோயில் படி வந்தது. இடது ஓரம், தண்ணீர்த் தொட்டி, இடது ஓரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கண்ணை அங்கே நட்டு வைத்தேன். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வலது பக்கம் டான் கத்தியை எடுத்தார்.

அவ்வளவுதான். கண் போய்விட்டது. அந்தப் பெரிய திரையில் அந்த விரல்கள் என் ஆள் உயரம் இருந்தன. தோல் ஒரே சுருளாகக் கழன்று வந்தது, உள்ளே பழம் சிவப்பாக. வெடிச் சத்தம் கேட்டது. சதுக்கம் கைதட்டியது. சவுக்கால் அடித்த மாதிரி கண்ணை இடது ஓரத்துக்கு இழுத்தேன். காட்சி மாறி, அமெரிக்காவில் ஏதோ ஒரு ரயில் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா திரையிலிருந்து மெல்லத் திரும்பினாள். அவள் முகம் நனைந்திருந்தது. புதுப்பெண் மாதிரி ஒரு சிரிப்பு இருந்தது.

"பாத்தியா?" என்றாள்.

அடுத்த நாள் அவள் டூரினுக்குப் போகிறாள். இனி சேர்ந்து பார்க்கப் போவதில்லை.

"பாத்தேன்க்கா," என்றேன்.

நீதிமன்றத்தில் அத்தான் சொன்ன அதே ஒரு வார்த்தை. அக்கா அதை நம்பி, என் கையைத் தொடைக்குக் கீழிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.